எந்தப் புத்தகம் வாங்கலாம் சார்?

கொஞ்சம் நீளமான பதிவுதான். அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்களாவது கடைசி வரை படியுங்கள்.

மே மாதக் கடைசியில் டெக்சாஸிலிருந்து ஒரு மாணவி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். 1994இல் என்னிடம் பிளஸ் டூ வரலாறு படித்தவள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். "சார், பையன் கிளெப் ஹிஸ்டரில 46 வாங்கிட்டான். 50 வேணும். அவன் மண்டைல ஹிஸ்டரி ஏறவே மாட்டேங்குது சார். எந்தப் புத்தகம் வாங்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிளெப் என்பது காலேஜ் போர்டு நடத்தும் தேர்வு. கல்லூரியில் ஒரு செமஸ்டர் உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடத்தை நாமே படித்து, ஒரே தேர்வு எழுதி, அந்த கிரெடிட்டை வாங்கிக்கொள்ளலாம். மதிப்பெண் 20 முதல் 80 வரை. 50 வாங்கினால் 3 கிரெடிட் கொடுக்கலாம் என்பது பொதுவான பரிந்துரை. ஆனால் கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரியின் இஷ்டம், முதலில் அங்கே கேட்டுக்கொள்ள வேண்டும். பையன் கம்ப்யூட்டர் படிக்கிறான், அவனுக்கு எதற்கு வரலாறு என்று அவன் பெரியப்பா கேட்டாராம். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் எந்தப் பட்டம் வாங்கினாலும் அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட் வேண்டும், அது மாநிலச் சட்டம். கிளெப்பில் அமெரிக்க வரலாறு இரண்டு தேர்வாக இருக்கிறது. முதலாவது ஆரம்பக் குடியேற்றத்திலிருந்து 1877 வரை. இரண்டாவது 1865இலிருந்து இன்று வரை. இரண்டையும் தேறினால் ஆறும் கைக்கு வந்துவிடும். தவறினால் அதே தேர்வை மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும். இல்லையென்றால் இரண்டு பாடத்துக்கும் கல்லூரியில் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த வீட்டில் இப்போது ஒரு சம்பளம்தான்.

என்னென்ன வாங்கினாய் என்று கேட்டேன். மேசையைப் படம் எடுத்து அனுப்பினாள். இரண்டு கைடு, ஆயிரத்துக்கும் மேல் ஃபிளாஷ் கார்டு, மாதச் சந்தா கட்டிய ஒரு வினா-விடை ஆப். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பையனிடம் பேசினேன். தாத்தா என்றுதான் கூப்பிடுகிறான், நல்ல பிள்ளை. "மிசௌரி காம்ப்ரமைஸ்?" என்றேன். "1820" என்றான் உடனே. "கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம்?" "1854." "ட்ரெட் ஸ்காட் தீர்ப்பு?" "1857." மூன்றும் சரி. "1820இல் செய்ததை 1854இல் என்ன செய்தார்கள்?" என்று கேட்டேன். மௌனம். "தாத்தா, அது வேற கார்டு" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் 46க்குக் காரணம் தெரிந்துவிட்டது. 1820இல் மிசௌரியை அடிமை மாநிலமாகவும் மேய்னைச் சுதந்திர மாநிலமாகவும் சேர்த்து, மேற்கே வாங்கிய நிலத்தில் 36 பாகை 30 கலை அட்சரேகையில் ஒரு கோடு போட்டார்கள். மிசௌரியைத் தவிர அந்தக் கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது. 1854இல் அந்தக் கோட்டை அழித்து, அங்கே குடியேறுகிறவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றார்கள். வடக்கே கொதித்தார்கள், குடியரசுக் கட்சி அதில்தான் பிறந்தது. கான்சஸில் இரு தரப்பும் ஆள் கொண்டுவந்து வெட்டிக்கொண்டார்கள். 1857இல் உச்ச நீதிமன்றம், பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்கும் அதிகாரமே நாடாளுமன்றத்துக்கு இல்லை என்றது. 1861இல் போர். ஒரே சங்கிலி இது. கார்டு போட்டவர்கள் கண்ணி கண்ணியாகக் கழற்றி விற்றிருக்கிறார்கள். தேர்வில் கேட்பதோ பெரும்பாலும் ஏன், அதனால் என்ன ஆயிற்று என்பதுதான்.

நான் 31 வருடம் வரலாறு நடத்தியவன்தான். ஆனால் அமெரிக்க வரலாறு எனக்கு எம்.ஏ.வில் ஒரு தாள், அவ்வளவே. அதனால் வாயால் யோசனை சொல்லாமல், ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நானே படித்துப் பார்த்தேன்.

முதலில் பார்க்க வேண்டியது புத்தகமே இல்லை, காலேஜ் போர்டு தன் தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் தேர்வுத் திட்டம். அதில் ஒரு வரி இருக்கிறது. முதல் தேர்வில் 1789 வரைக்கும் சுமார் 30 விழுக்காடு, 1790 முதல் 1877 வரை 70 விழுக்காடு. பையன் முதல் ஒரு மாதத்தைக் கொலம்பஸ், மேஃப்ளவர் கப்பல், பியூரிட்டன்கள் என்றே கழித்திருக்கிறான், கைடு அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பதால். தேர்வு நெருங்கியபோது அவனுக்கு உள்நாட்டுப் போரைப் புரட்டத்தான் நேரம் இருந்தது.

அடுத்து ஒரே ஒரு பாடப்புத்தகம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட அமெரிக்க வரலாற்றுப் புத்தகம் இணையத்தில் இலவசம். 32 அதிகாரத்தில் முதல் 16தான் இந்தத் தேர்வுக்கு. அதிலும் 8 முதல் 16 வரை அந்த 70 விழுக்காடு. பருத்தியைப் பற்றிய 12ஆம் அதிகாரத்தை இரண்டு முறை படித்தேன். 1793இல் எலி விட்னியின் ஜின் வந்து, பஞ்சிலிருந்து கொட்டை பிரிப்பது சுலபமானது. வேலை குறைந்தால் அடிமைகள் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்தவர்கள் 1860இல் கிட்டத்தட்ட 40 லட்சம். பிரிப்பது மலிவானதும் எல்லோரும் மேலும் மேலும் பருத்தி போட்டார்கள், பறிக்க ஆள் வேண்டியிருந்தது. ராஜபாளையத்திலும் திருப்பூரிலும் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு இது ஒரு தடவை சொன்னால் போதும்.

பல பேராசிரியர்கள் சேர்ந்து எழுதிய 'தி அமெரிக்கன் யாப்' என்பதும் இலவசம்தான். நடை இன்னும் நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டையும் எடுத்துக்கொண்டு அல்லாட வேண்டாம். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தளத்தில் கிளெப்புக்கான பாடம் இலவசம், முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சரும் தருகிறார்கள். ஏ.பி. தேர்வுக்கான தடிப் புத்தகத்தை அக்கா மகன் சிபாரிசு செய்தான். ஏ.பி.யில் கட்டுரை எழுத வேண்டும், ஆவணங்களை வைத்து வாதாட வேண்டும். கிளெப்பில் அது கிடையாது, வேண்டாம்.

பழைய புத்தகக் கடையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். 1865-77 அதிகாரத்தை மட்டும் திறந்து பாருங்கள். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கொடுத்ததே தவறு, வடக்கத்தியர் வந்து கொள்ளையடித்த காலம் என்கிற தொனி இருந்தால் மூடி வைத்துவிடுங்கள். அந்தப் பார்வையை டுபாய்ஸ் 1935இலேயே எழுதி உடைத்தார், எரிக் ஃபோனரின் 1988 நூலுக்குப் பிறகு பல்கலைக்கழகங்களில் அதற்கு இடமில்லை. வரலாறு மாறாது, பழைய புத்தகம் போதும் என்பார்கள். நடந்தது மாறாது, சொல்கிறவர்கள் மாறியிருக்கிறார்கள்.

90 நிமிடத்தில் 120 கேள்வி, ஒன்றுக்கு 45 வினாடி, இதில் எங்கே சார் காரணம் யோசிப்பது என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். வேகத்துக்குப் பயிற்சி வேண்டும். அதிகாரப்பூர்வ மாதிரி வினாக்களைக் கடைசி இரண்டு வாரம் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்க்கட்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஒன்றையும் விடாமல் குறிக்கட்டும். கார்டுகளையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. புத்தகம் படித்த பிறகு அவனே தன் கையால் ஐம்பது கார்டு எழுதினால் போதும்.

இப்போது நெஞ்சில் சுருக்கென்ற விஷயம். 1994இல் எங்கள் பள்ளியில் வரலாற்றில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அந்த வருடம் பாராட்டெல்லாம் எனக்குத்தான். எப்படி வந்தது? பாடப்புத்தகத்தை ஓரமாக வைக்கச் சொல்லி, கைடு வாங்க வைத்து, முக்கிய வினாக்கள் நாற்பதை உருப்போட வைத்தேன். அந்தப் பெண் முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வரி பிசகாமல் ஒப்பித்தவள். முப்பது வருடம் கழித்து மகனுக்கு ஒரு வரலாற்றுத் தேர்வு என்றதும் அவள் கடைக்குப் போய் எதைத் தேடுவாள்? அந்த மேசை மேல் இருந்தது என் வகுப்பு. அவளிடம் இதைச் சொன்னேன். "அய்யோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார்" என்றாள். சொல்ல வேண்டியிருந்தது.

பையன் இப்போது தினம் ஒரு அதிகாரம் படித்துவிட்டு, இந்திய நேரம் காலை ஏழு மணிக்கு எனக்குக் கதையாகச் சொல்கிறான். தேதி தப்பினால் நான் திருத்துவதில்லை, காரணம் தப்பினால் நிறுத்துகிறேன். யார்க்டவுனில் 1781இல் சரணடைந்த காரன்வாலிஸ்தான் ஐந்து வருடம் கழித்து நம் ஊருக்கு கவர்னர் ஜெனரலாக வந்து திப்புவோடு சண்டை போட்டவர் என்றேன். "தோத்தவருக்கு எப்படி தாத்தா வேலை கொடுத்தாங்க?" என்று பிடித்துக்கொண்டான். அன்றைக்கு முக்கால் மணி நேரம் போயிற்று. தேர்வில் இது வராது.

மாதக் கடைசியில் மறுபடி எழுதுகிறான். இரண்டாவது தேர்வு டிசம்பரில். நான் 17ஆம் அதிகாரம் ஆரம்பித்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் யாராவது அதே தேர்வுக்குப் படித்தால் சொல்லுங்கள், காலை ஏழு மணிக்கு இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.