பொத்தான் எங்கே போயிற்று?

திரையின் இடது கீழ் மூலையில் ஒரு சின்னப் பொத்தான். அதன் பெயர் 'ஸ்டார்ட்'. 1995-ல் வந்த 'விண்டோஸ் 95' முதல் பதினேழு ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. எழுதவும், கணக்குப் போடவும், படம் பார்க்கவும் கை முதலில் போவது அங்கேதான். கம்ப்யூட்டரை நிறுத்துவதற்குங்கூட அதையே அழுத்திப் பழகியிருந்தார்கள் ஜனங்கள். 2012-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 'விண்டோஸ் 8' என்ற புதிய இயங்குதளத்தை விற்பனைக்கு விட்டார்கள். அதில் அந்தப் பொத்தானைக் காணோம்! அதற்குப் பதிலாகத் திரை முழுவதும் வண்ண வண்ணக் கட்டங்கள் வந்து நின்றன.

உலகெங்கும் கம்ப்யூட்டர் உபயோகிப்போர் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி மெச்சியது; மற்றொரு கட்சி நொந்துகொண்டது.

மாற்றத்தின் காரணம்

கம்பெனியார் விளையாட்டாக இந்தக் காரியத்தைச் செய்துவிடவில்லை. 2010-ல் ஆப்பிள் கம்பெனியின் 'ஐபேட்' வெளிவந்தது. விரலால் தொட்டாலே வேலை நடக்கும் அந்தப் பலகைக் கம்ப்யூட்டர் வந்ததும் மவுஸுக்கு மவுசு குறையத் தொடங்கியது! இனி விரலுக்கும் மவுஸுக்கும் ஒரே இயங்குதளம் என்று மைக்ரோஸாப்ட் முடிவு செய்தது. அன்றியும், 'ஸ்டார்ட்' பட்டியலை ஜனங்கள் முன்போல் அடிக்கடி திறப்பதில்லை என்று தங்கள் கணக்குக் காட்டுவதாகவும் சொன்னார்கள்.

மெச்சியவர்கள்

புதியதில் நல்ல அம்சங்கள் இல்லாமலில்லை. கம்ப்யூட்டர் விரைவில் விழித்துக்கொண்டது. 'விண்டோஸ் 7' ஓடிய இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் இதுவும் தாராளமாக ஓடியது. வைரஸ் தடுப்பு கூடவே வந்தது. பெரிய கோப்புகளைப் பிரதி எடுக்கும்போது நடுவில் நிறுத்தி வைத்துப் பிறகு தொடரலாம். வானிலை, கடிதம் முதலியவை கட்டங்களிலேயே தெரிந்தன. தொடுதிரை வைத்திருந்தவர்களில் பலர், "இதுவன்றோ நவீனம்!" என்றார்கள். 2013 மே மாதத்திற்குள் 10 கோடி உரிமங்கள் விற்றுவிட்டதாகக் கம்பெனியாரும் பெருமையுடன் அறிவித்தார்கள்.

நொந்தவர்கள்

ஆனால் மேஜைமேல் சாதாரணக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர் பாடு திண்டாட்டமாயிற்று. இயந்திரத்தை நிறுத்த வேண்டுமா? மவுஸை வலப்பக்க மூலைக்குக் கொண்டு போக வேண்டும். ஒளிந்திருக்கும் பட்டை ஒன்று வெளிப்படும். அதில் 'செட்டிங்ஸ்', அதற்குள் 'பவர்', அதன் பிறகே 'ஷட் டவுன்'. இவ்வளவுக்கும் வழிகாட்டும் அடையாளம் எதுவும் திரையில் கிடையாது. யாராவது சொல்லிக் கொடுத்தாலொழியத் தெரிந்துகொள்வது கடினம். கட்டங்களின் உலகம் ஒன்று, பழைய 'டெஸ்க்டாப்' உலகம் ஒன்று என்று இரண்டுக்கும் நடுவே உபயோகிப்பவர் ஊஞ்சலாட வேண்டியிருந்தது.

உபயோக வசதியை ஆராய்வதில் பெயர் பெற்ற ஜேக்கப் நீல்ஸன் 12 பேரைக் கொண்டு சோதித்துப் பார்த்து, சாதாரணக் கம்ப்யூட்டருக்கு இது மிகவும் தொல்லை தருவது என்று 2012 நவம்பரில் எழுதினார். பழைய பட்டியலைத் திருப்பித் தரும் 'கிளாஸிக் ஷெல்', 'ஸ்டார்ட் 8' போன்ற பிறர் செய்த மென்பொருள்களைப் பலர் தேடிப் போனார்கள். முன்பு கூடவே வந்த வசதியைத் திரும்பப் பெற, 'ஸ்டார்ட் 8' வாங்கியவர்கள் காசும் கொடுத்தார்கள்!

யார் பக்கம் நியாயம்?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாலு நாள் பழகினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று மெச்சியவர்கள் சொன்னார்கள். இது பாதி உண்மை. எந்தப் புதுச் செருப்பும் சில நாள் கடிக்கத்தான் செய்யும். ஆனால் பழக்கம் என்பது வெறும் பிடிவாதமல்ல. வேலை செய்பவனுக்கு அது முதல். பல வருஷம் உழைத்துச் சேர்த்த சொத்து. ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வரிசையாகக் காத்திருக்கும்போது, குமாஸ்தா பொத்தானைத் தேடி வீணாக்கும் ஒவ்வொரு நிமிஷத்தையும் கொடுப்பது வரிசையில் நிற்பவர்கள்தான்.

கம்பெனியார் போட்ட கணக்கிலும் பிசகு இருந்தது. சினிமாக் கொட்டகையில் மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள் தொங்குகின்றன. வருஷம் முழுவதும் அவற்றை யாரும் தொடுவதில்லை. அதனால் அவை வேண்டாதவை ஆகிவிடுமா? ஒரு பொருளை எத்தனை தடவை எடுக்கிறார்கள் என்பது வேறு. அது அங்கே இருக்கிறது என்று எத்தனை பேர் நம்பியிருக்கிறார்கள் என்பது வேறு. முதலாவதை எண்ணிவிடலாம். இரண்டாவதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"பிடிக்காதவர்கள் பழையதிலேயே இருக்கட்டுமே!" என்ற பேச்சும் நீடித்து நிற்காது. 'விண்டோஸ் 7'-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ந் தேதியுடன் நின்றுவிட்டன. 'விண்டோஸ் 10'-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. ஆகவே இன்று மறுப்பவரும் என்றாவது ஒரு நாள் புதியதற்குப் போயாக வேண்டியவரே. வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் ஒருவரை நிறுத்தியிருப்பவருக்கு, அவருடைய சௌகரியத்தைக் கவனிக்கும் பொறுப்பும் உண்டல்லவா?

பிறகு நடந்தது

கூச்சல் வீண் போகவில்லை. 2013 அக்டோபர் 17-ல் வந்த 'விண்டோஸ் 8.1'-ல் பொத்தான் திரும்பிற்று. ஆனால் அதை அழுத்தினால் மறுபடியும் அந்தக் கட்டங்களே வந்தன. கேட்டது சாதம், கிடைத்தது இலை! 2015 ஜூலை 29-ல் வெளியான 'விண்டோஸ் 10'-லேதான் பழைய பட்டியலும் புதிய கட்டங்களும் பக்கத்தில் பக்கமாக இடம் பெற்றன. சமாதானம் ஏற்பட்டது.

2021 அக்டோபர் 5-ல் வந்த 'விண்டோஸ் 11' கட்டங்களை நீக்கி, பொத்தானைத் திரையின் நடுவுக்குத் தள்ளியது. மறுபடியும் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் இந்தத் தடவை, வேண்டுமானால் பொத்தானை இடது மூலைக்கே கொண்டு போகலாம் என்று ஓர் ஏற்பாடும் வைத்திருந்தார்கள். அதே சமயம், கீழ்ப் பட்டையைத் திரையின் மேலுக்கோ பக்கவாட்டுக்கோ மாற்றும் பழைய வசதியைத் தராமலும் வெளியிட்டார்கள். பாடத்தில் பாதிதான் மனப்பாடமாயிற்று போலும்.

மாற்றமே கூடாது என்று எவரும் சொல்ல முடியாது. மாறாமலே இருந்திருந்தால், இன்றும் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டெழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் ஆற்றுக்குப் புதுப் பாலம் கட்டுகிறவர்கள், அதன்மேல் ஜனங்கள் நடமாடத் தொடங்கும் வரையில் பழைய பாலத்தை இடிப்பதில்லை. கம்ப்யூட்டர் செய்பவர்களுக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.