செல்லாத வண்டி அல்ல

வேலையில் இருந்த காலத்தில் என் மேசை மேல் மூன்று ரப்பர் ஸ்டாம்புகள் கிடக்கும். அதில் ஒன்று ‘இன்வாலிட்’. தேதி தவறிய விண்ணப்பம், கையெழுத்து மாறிய படிவம், எதுவானாலும் அதன் தலையில் குத்திவிடுவேன். செல்லாது என்று அர்த்தம். சிறு வயதில் காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன் நான். அங்கே ஏறக்குறைய இதே எழுத்துகள்தான். ‘ஆன்வலீத்’ என்று வாசிப்போம், உடல் ஊனமுற்றவர் என்று பொருள். பாரிஸில் காயம்பட்ட சிப்பாய்களுக்காகப் பதினான்காம் லூயி 1670-இல் கட்டச் சொன்ன பெரிய விடுதிக்குப் பெயரே அதுதான். எங்கள் தெருவில் சண்டையில் ஒரு காலை இழந்த சொல்தா ஒருவர் இருந்தார். அவர் கட்டையை ஊன்றி வந்தால் பையன்கள் விளையாட்டை நிறுத்தி வழி விடுவோம். அவரைச் செல்லாதவர் என்று யாரும் நினைத்ததில்லை.

நம் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திலும் மாற்றுத்திறனாளியின் வண்டிக்கு ‘இன்வாலிட் கேரேஜ்’ என்றே பெயர் இருந்தது. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டு ‘அடாப்டட் வெஹிக்கிள்’ என்று போட்டார்கள். ஓட்டுபவரின் தேவைக்கு ஏற்ப மாற்றியமைத்த வண்டி என்று பொருள். நல்ல மாற்றம். ஆனால் கார் வாங்கப் போகிற இடத்தில் என்ன மாறியிருக்கிறது? இரண்டு மாதமாக என் தங்கை மகனோடு அலைந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அவனுக்குச் சின்ன வயசில் இளம்பிள்ளை வாதம். இடது காலில் பலமே இல்லை. வலது கால் தாங்கும், ஆனால் அவசரத்துக்குப் பிரேக்கை மிதிக்கிற வேகம் கிடையாது. இப்போது நாற்பத்து நாலு வயசு. கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறான். இத்தனை வருஷமும் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர்தான். 2023 டிசம்பர் மழையை நம் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. அன்று ஸ்கூட்டர் பாதி வழியில் தண்ணீரில் நின்றுபோய், முன்பின் தெரியாத இரண்டு பேர் அவனைத் தூக்கிக் கரை சேர்த்தார்கள். அதற்கப்புறம்தான், “மாமா, எப்படியாவது ஒரு கார் வாங்கிடணும்” என்று ஆரம்பித்தான்.

முதலில் போன ஷோரூமில் விற்பனைப் பையன் என்னைப் பார்த்து, “சார், யார் ஓட்டுவாங்க?” என்றான். இவன், “நான்தான்” என்றான். அதற்குப் பிறகும் பேச்சு முழுக்க என்னிடம்தான். பணம் இவனுடையது, லைசென்ஸ் இவனுடையது. எனக்குக் கார் ஓட்டவே தெரியாது. வெளியே வந்ததும், “விடுங்க மாமா, பழகிப்போச்சு” என்றான். அந்த வார்த்தைதான் என்னை இதை எழுத வைக்கிறது.

யாருக்காவது பயன்படட்டும் என்று, நாங்கள் கற்றுக்கொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விலையைப் பார்க்குமுன் உட்கார்ந்து பாருங்கள். தாழ்வான காரில் உட்காருவது எளிது, எழுந்திருப்பது கஷ்டம். உயரமான ஜீப் மாதிரி வண்டியில் ஏறுவதே கஷ்டம். இடுப்பு மட்டத்தில் இருக்கை இருந்தால் சறுக்கினாற்போல் உள்ளே போய்விடலாம். வேகன் ஆர் மாதிரி கூரை உயர்ந்த சின்னக் கார்கள் இந்த விஷயத்தில் சௌகரியம். ஒரு தடவை ஏறி இறங்கினால் போதாது. பத்துத் தடவையாவது ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். ஊன்றுகோலை வைக்க இடம், சக்கர நாற்காலி இருந்தால் அது டிக்கியில் போகிறதா, எல்லாம் அங்கேயே பார்க்க வேண்டும். சி.என்.ஜி. வண்டி என்றால் பல மாடல்களில் சிலிண்டரே டிக்கியை அடைத்துவிடும்.

அடுத்தது கிளட்ச். இடது கால் மட்டும் பலவீனம் என்றால் ஆட்டோமேட்டிக் வண்டியே பெரும்பாலும் போதும். இந்தியாவில் 2014-இல் செலரியோவோடு ஏ.எம்.டி. வந்த பிறகுதான் அது நம் போன்றவர்கள் கைக்கு எட்டியது. கிளட்ச், கியர் இரண்டின் வேலையையும் இயந்திரமே செய்துகொள்ளும். மற்ற ஆட்டோமேட்டிக்கை விட மலிவு, கியர் மாறும்போது கொஞ்சம் உதறும், அவ்வளவுதான். வலது காலும் சரியில்லை என்றால் கைக் கட்டுப்பாடு பொருத்த வேண்டும். ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு நெம்புகோல். தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்ஸிலேட்டர். பெடல் அப்படியே இருப்பதால் வீட்டில் மற்றவர்களும் ஓட்டலாம்.

இதைத் தெருமுனை ஒர்க்ஷாப்பில் செய்துகொள்ளாதீர்கள். அங்கீகாரம் பெற்ற சாதனமாக இருக்க வேண்டும், ஆர்.டி.ஓ. அனுமதியோடு பொருத்தி ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றிவிட வேண்டும். சாலை வரி விலக்கு, சுங்கச்சாவடிச் சலுகை, இன்சூரன்ஸ் தள்ளுபடி எதைக் கேட்கப் போனாலும் முதலில் அந்தப் பதிவைத்தான் பார்ப்பார்கள். பழைய குமாஸ்தா சொல்கிறேன், காகிதம்தான் பேசும். இன்னொன்று நம் ஊருக்கே உரியது. உப்பளக் காற்று எந்த இரும்பையும் விடாது. அந்த நெம்புகோலின் கம்பியும் மூட்டும் துருப்பிடிக்காத உலோகமா என்று கேளுங்கள். மாதம் ஒரு தடவை துடைத்து எண்ணெய் போடுங்கள். பிரேக் விஷயம்.

இனி என் மனத்தாங்கல்.

முன்பெல்லாம் சின்ன பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம், செஸ் தனி. கை கால் ஊனம் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால், மத்திய கனரகத் தொழில் அமைச்சகத்தின் சான்றிதழ் பெற்று 18 சதவீதத்தில் வாங்கலாம். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான், அதற்குள் விற்கவும் கூடாது. வண்டி 4 மீட்டர் நீளத்துக்குள் இருக்க வேண்டும், பெட்ரோல் என்றால் இன்ஜின் 1200 சி.சி.க்குள். 2025 செப்டம்பர் 22 முதல் அதே அளவு கார் எல்லோருக்குமே 18 சதவீதம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் குறைந்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் இவர்களுக்கென்று இருந்த வித்தியாசம் சத்தமில்லாமல் காணாமல் போயிற்று. வேகன் ஆர், செலரியோ போன்றவற்றில் மிகக் குறைந்த விலை வகைக்கு ஆட்டோமேட்டிக் கிடையாது. மேல் வகைக்குப் போக வேண்டும், அதிலும் ஆட்டோமேட்டிக்குக்கு ஏறக்குறைய அரை லட்சம் தனி. அதற்கு மேல் கைக் கட்டுப்பாட்டுச் செலவு. இரண்டு காலும் நன்றாக இருப்பவன் மலிவான வண்டியை ஓட்டிப் போகிறான், கால் சரியில்லாதவன் அதே கம்பெனிக்கு அதிகம் கொடுக்கிறான். அவனுக்கு ஆட்டோமேட்டிக் ஆடம்பரமா?

சலுகை கொடுத்த நாளிலும் இன்ஜினை அளந்தார்கள், வண்டி நீளத்தை அளந்தார்கள். முழங்காலை யாரும் அளக்கவில்லை. அதுதான் கோளாறு.

மின்சார காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. டியாகோ மின்சார கார் 2025-இல் சுமார் 8 லட்சத்தில் ஆரம்பித்தது. ஆனால் தங்கை மகன் இருப்பது வாடகை வீட்டு மாடியில். சார்ஜ் போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. நம் ஊர் சில்லாநத்தத்திலேயே 2025 ஆகஸ்ட் 4 அன்று வின்ஃபாஸ்ட் தொழிற்சாலையை முதலமைச்சர் திறந்து வைத்தார். அங்கே தயாராகும் வி.எஃப்.6 அறிமுகமானபோது ஷோரூம் விலை 16.49 லட்சத்தில் தொடங்கியது. அது இவன் பட்ஜெட்டில் பாதிக்குள் அடங்காது.

கடற்கரைச் சாலையில் என்னோடு நடக்கும் நண்பர் கேட்டார்: “சாதாரண ஜனங்களே பஸ்ஸில் போகும்போது இவங்களுக்குக் கார் எதுக்கு?” நியாயமான கேள்விதான். தாழ்தளப் பஸ் எல்லா ஊரிலும் ஓடினால் பலருக்குக் கார் தேவைப்படாது. ஆனால் இன்று நம் பஸ்ஸின் முதல் படியில் இவன் ஏற ஒருவர் தூக்கிவிட வேண்டும். நமக்குக் கார் வசதி, இவனுக்கு அதுதான் கால். பக்கச் சக்கர ஸ்கூட்டரை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. அப்படியானால் இவர்கள் போய்வருவது அரசின் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டாயிற்று. மழையும் வெயிலும் படாமல் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துப் போக ஆசைப்பட்டால் மட்டும் அந்தப் பொறுப்பு ஏன் முடிந்துபோக வேண்டும்?

நான் கேட்பது பெரிதல்ல. ஊனச் சான்றிதழும் லைசென்ஸும் வைத்திருப்பவருக்கு ஆட்டோமேட்டிக்குக்கான கூடுதல் தொகையையும் கைக் கட்டுப்பாட்டுச் செலவையும் அரசு ஏற்கட்டும். மாவட்டத்துக்கு ஒரு காராவது கைக் கட்டுப்பாட்டோடு ஓட்டிப் பார்க்கக் கிடைக்கட்டும். ஓட்டிப் பார்க்காமல் எட்டு லட்சத்தை எப்படிக் கொடுப்பது? நம் ஊர் நிலத்தில் எழுந்த தொழிற்சாலை இதில் முதல் அடி வைத்தால் நமக்கும் பெருமை. 2025 டிசம்பரில் வேகன் ஆருக்குக் கதவுப் பக்கம் திரும்பும் இருக்கை வந்தது. நல்ல காரியம். ஆனால் அது முன்னால் உட்கார்ந்து வருகிற பயணிக்கு. ஓட்டுகிறவரும் மாற்றுத்திறனாளியாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

தங்கை மகன் வேகன் ஆர் ஆட்டோமேட்டிக்கே பதிவு செய்திருக்கிறான். கைக் கட்டுப்பாடு பொருத்தி, ஆர்.சி.யில் ஏறி வர இன்னும் சில வாரம் ஆகும். வண்டி வந்ததும் என்னைத்தான் முதலில் பனிமய மாதா கோயில் வரை அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான். நான் பக்கத்து இருக்கையில் உட்காருவேன். வழியில் யாராவது, “யார் ஓட்டுறாங்க?” என்று கேட்டால், இந்தத் தடவை நான் பதில் சொல்ல மாட்டேன். அவன் சொல்வான்.