மூன்று மாதம் என்று சட்டம், பத்து மாதம் என்று வசூல்

ஆசிரியருக்கு,

மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் மாடி அறை ஒன்றில் குடியிருக்கிறேன். 'ஸ்டூடியோ அபார்ட்மென்ட்' என்றுதான் விளம்பரம் வந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடியே அடுப்பைப் பற்றவைக்கலாம். குளியலறைக் கதவு திறந்திருந்தால் பீரோவைத் திறக்க முடியாது. வாடகை 15,000 ரூபாய். கபாலி கோயிலும் பறக்கும் ரயிலும் நடக்கிற தூரத்தில் வேண்டுமென்றால் அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். (மெட்ரோ பணியின் தூசி இலவசம்.) அதில் எனக்கு வழக்கில்லை.

வழக்கு அட்வான்ஸைப் பற்றி. பத்து மாதம், ஒன்றரை லட்சம். அம்மாவின் வளையல்களை அடகு வைத்துக் கட்டினேன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாதம் 1,500. ஆக, என் உண்மையான வாடகை 16,500. வீட்டுக்காரருக்கோ அந்த ஒன்றரை லட்சம் வட்டியில்லாக் கடன்.

இதைத் தடுக்கச் சட்டமே இல்லையா? இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழக அரசு 2017-இல் இயற்றிய சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அது. ஆனால் இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் இந்த வரம்பு இல்லையாம்! கையில் பெட்டியும் பக்கத்தில் புரோக்கருமாக நிற்பவர் எந்தத் தாளில்தான் கையெழுத்துப் போடமாட்டார்? மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம்தான் என்கிறது. அதில் இப்படி ஓர் ஓட்டை இல்லை.

கொடுத்த பணம் திரும்புவது இன்னொரு கதை. காலி செய்த ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்பது சட்டம். என் முந்தைய வீட்டில், "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுக்கட்டும், தர்றேன்" என்றார்கள். பணம் வந்தபோது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் குடிபோனபோதே அந்தச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது.

வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியும் உண்டு. கேட்டால், "பதினோரு மாசம்தானேம்மா, அதெல்லாம் எதுக்கு?" என்பார்கள். பதினோரு மாத ஒப்பந்தத்துக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு கிடையாது.

அரசுக்கு என் கோரிக்கை: முன்பண வரம்பை ஒப்பந்தத்தால் மீற இடம்தரும் விலக்கை நீக்குங்கள். ஒப்பந்தத்தில் யார் எதை எழுதிக்கொண்டாலும் மூன்று மாதத்துக்கு மேல் செல்லாது என்று திருத்தம் கொண்டுவாருங்கள். கூடுதலாக வாங்கியதை மாத வாடகையில் கழித்துக்கொள்ளும் உரிமையையும் குடியிருப்பவருக்குக் கொடுங்கள்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரை மட்டும் தவிர்த்துவிடவும். கீழ்வீட்டில் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாப்பூர், சென்னை.