தெருவில் கொட்டாதீர்கள், தொட்டியில் போடுங்கள்

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் பூம்புகார் சங்கமத்துக்குப் போகும் சாலையின் இரு ஓரமும் வெள்ளைக் கோடு இழுத்திருக்கும். மழை வெள்ளம் வடிந்த மறுநாள் தெருத்தெருவாக அதே கோடு. மந்திரி வந்தாலும் அதே கோடு. பிளீச்சிங் பவுடர் போட்டாயிற்று, இனி நோய் அண்டாது என்று ஊர் நம்புகிறது. இது பொய் நம்பிக்கை. உயிரைக் காக்க வேண்டிய மருந்தை மண்ணில் இறைத்துவிட்டு, அது போய்ச் சேர வேண்டிய குடிநீரைக் கைவிடுகிற நம்பிக்கை. அதனால்தான் இதை எதிர்த்து எழுதுகிறேன்.

பிளீச்சிங் பவுடரில் வேலை செய்வது குளோரின். அது கிருமியைக் கொல்ல மூன்று வேண்டும்: தண்ணீரில் கரைய வேண்டும், போதிய அளவு இருக்க வேண்டும், அரை மணி நேரமாவது கிருமியோடு கலந்திருக்க வேண்டும். சாலையோரத்துக் காய்ந்த பொடிக்கு இந்த மூன்றும் இல்லை. மண், சாணம், இலைச்சருகு, சாக்கடைக் கசடு எதைத் தொட்டாலும் குளோரின் முதலில் அதோடுதான் வினைபுரிந்து தீரும். கிருமிக்கு மிஞ்சுவது அற்பம். மழைத் தூறல் பட்டதும் அந்தக் கோடு சாம்பல் நிறத்தில் கட்டிதட்டிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கிடப்பது பெரும்பாலும் வெறும் சுண்ணாம்பு.

அதோடு வெயில் வேறு. வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். காலையில் போட்ட குளோரினில் பெரும்பகுதியை உச்சி வெயில் இரண்டு மூன்று மணி நேரத்தில் அழித்துவிடும். அதைத் தடுக்கத்தான் சயனூரிக் அமிலம் என்ற நிலைப்படுத்தியை லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் அளவில் குளத்தில் வைத்திருக்கிறார்கள். அதுவும் மிகுந்தால் குளோரினின் வேகம் மட்டுப்படும் என்பதால் இரண்டையும் அளந்து அளந்து சரிபார்க்கிறார்கள். பொழுதுபோக்குக் குளத்துக்கே இத்தனை அளவும் கணக்கும் உண்டு. ஊரார் உடல்நலத்துக்கு என்று இறைக்கும் பொடிக்கு எந்த அளவும் இல்லை, எந்தச் சோதனையும் இல்லை.

காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு எல்லாம் பெரும்பாலும் வாய் வழியாக வருபவை. குடிக்கும் தண்ணீரும் தின்னும் பண்டமும் கொண்டுவருபவை. தெரு மண்ணில் பொடி தூவி இவற்றைத் தடுக்கப் பார்ப்பது வயிற்று வலிக்கு வாசற்படியில் தைலம் தேய்ப்பது போன்றது. கொசுவுக்காகப் போடுகிறோம் என்பாரும் உண்டு. டெங்குக் கொசு முட்டையிடுவது வீட்டுக்குள்ளும் சுற்றிலும் தேங்கிய நல்ல தண்ணீரில். சாலையோரப் பொடி அதன் கிட்டேகூடப் போவதில்லை.

நம் பகுதியின் அனுபவம் இதைத்தான் சொல்கிறது. 2022 ஜூலையில் பக்கத்துக் காரைக்காலில் காலரா பரவி, புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் போயிற்று. அதே ஆண்டு நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஊர் மூழ்கும்போது ஆபத்து எங்கே இருக்கிறது? சாக்கடையை ஒட்டியும் வாய்க்காலைக் குறுக்கிட்டும் ஓடும் குடிநீர்க் குழாயில் இருக்கிறது. மோட்டார் நின்றதும் குழாய் காலியாகும். விரிசல் வழியே வெளிநீர் உள்ளே கசியும். மறுநாள் காலை முதல் குடம் பிடிப்பவர் வீட்டுக்கு அந்த அழுக்கு போகும். அந்தக் குடத்தில் குளோரின் மிச்சம் இருந்தால் பிள்ளை தப்பும். தெருவில் எத்தனை மூட்டை கொட்டினாலும் அந்தக் குடத்துக்குள் ஒரு துளி சேராது.

2004 டிசம்பர் 26 சுனாமியையும் மறக்க முடியாது. பூம்புகார் அன்று இருந்த நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிணங்களால் கொள்ளைநோய் வரும் என்ற அச்சத்தில் கடற்கரைக் குப்பங்களில் பிளீச்சிங் பவுடரை வாரி இறைத்தார்கள். பேரிடரில் இறந்தவர்களின் உடல்கள் கொள்ளைநோயைக் கிளப்புவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறது. அன்று பெருந்தொற்று எதுவும் வரவில்லை. அதற்குத் துணைநின்றவை முகாம்களுக்குக் கிடைத்த பாதுகாப்பான தண்ணீரும் தடுப்பூசியும். பெயர் தட்டிக்கொண்டு போனது வெள்ளைப் பொடி. கொரோனா காலத்திலும், 2020 மே மாதம், தெரு, சந்தை போன்ற திறந்த வெளிகளில் கிருமிநாசினி தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று அதே நிறுவனம் அறிவித்தது. அழுக்கும் குப்பையும் மருந்தைச் செயலிழக்க வைக்கும் என்று காரணமும் சொன்னது. நாம் கேட்டோமா?

இந்த நம்பிக்கைக்கு இன்னொரு முகம் உண்டு. அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. தெருவில் வீசும் மருந்து வாடையைச் சுத்தத்தின் அடையாளமாக ஏற்கிற அதே மக்கள், குழாய்த் தண்ணீரில் லேசாக வாடை வந்தால் பொறுப்பதில்லை. காபி கெட்டுப்போகிறது, முடி கொட்டுகிறது, கெமிக்கல் கலக்கிறார்கள் என்று டேங்க் ஆபரேட்டரைப் பிடித்துச் சத்தம் போடுகிறார்கள். அவரும் மனிதர்தானே, ஏச்சுக்குப் பயந்து அளவைக் குறைப்பார், பிறகு நிறுத்தியே விடுவார். இந்தியத் தர நிர்ணயப்படி வீட்டுக் குழாய்க்கு வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். குடிநீரில் உடலுக்குப் பாதுகாப்பான அளவென்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருப்பது 5 மில்லிகிராம் வரை. வாடை பிடிக்காதவர்கள் பானையில் பிடித்துச் சற்று நேரம் வைத்திருந்தால் போகும், காய்ச்சினாலும் போகும். அந்த வாடைக்காகச் சண்டை போட்டு நிறுத்துவது நம் பிள்ளைகளின் காவலை நாமே கலைப்பதாகும்.

கணக்குப் பாருங்கள். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் போட 60 கிராம் வேண்டும். 30 சதவீதச் சத்துள்ள பிளீச்சிங் பவுடரில் அது 200 கிராம். அப்படியானால் 25 கிலோ மூட்டை ஒன்று அந்தத் தொட்டியை 125 முறை காக்கும். நாளுக்கு ஒரு தடவை நிரப்பினால் நான்கு மாதத்துக்கு வரும். அந்த மூட்டையைத்தான் ஒரு திருவிழாக் காலையில் சாலையோரத்தில் தீர்த்துவிடுகிறோம்.

தொட்டியில் போடுவதற்கும் முறை உண்டு. பொடியை வாளியில் குழைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தண்ணீர் திறக்க வேண்டும். பிறகு கடைசித் தெருக் குழாயில் பிடித்து, குளோராஸ்கோப் குப்பியில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்க வேண்டும். மஞ்சள் காட்டினால் குளோரின் அங்கே வரை வந்திருக்கிறது. நிறமே மாறாவிட்டால் மேலே எவ்வளவு போட்டாலும் கீழே காவல் இல்லை. உப்புக் காற்றும் ஈரமும் உள்ள நம் கடலோரத்தில் வாய் திறந்து கிடக்கும் மூட்டையின் சத்து விரைவில் இறங்கிவிடும். மூட்டையில் அச்சடித்த எண்ணை நம்பாமல் குழாயில் தெரியும் நிறத்தைத்தான் நம்ப வேண்டும்.

“மக்களுக்கு ஒரு தைரியம் வரட்டுமே, அதிலென்ன கெடுதல்?” என்று கேட்கிறார்கள். கெடுதல் இருக்கிறது. பொய்த் தைரியம் வந்தவர் தண்ணீரைக் காய்ச்ச மாட்டார். குழாய் உடைந்தது ஏன் என்று கேட்க மாட்டார். வெறுங்கையால் அள்ளி வீசும் தூய்மைக் காவலரின் கண்ணும் மூச்சும் எரிகின்றன. கழிப்பறை கழுவும் ஆசிட் இந்தப் பொடியோடு கலந்தால் நச்சுவாயு கிளம்பும். நான் பிளீச்சிங் பவுடருக்கு எதிரி இல்லை. வெள்ளம் புகுந்த வீட்டைச் சேறு போகக் கழுவிய பிறகு அதன் கரைசலால் துடைப்பதும், மீன் சந்தைத் திண்ணையைத் தேய்த்துக் கழுவிவிட்டு ஊற்றுவதும் சரியான வேலைகள். அழுக்கை அகற்றிய பிறகுதான் மருந்து; அதுவும் கரைத்து, அளந்து.

ஆகவே ஊராட்சிகளிடம் கேட்க வேண்டியது இது. சாலையோரக் கோட்டை நிறுத்துங்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு குளோராஸ்கோப் கொடுங்கள். கடைசித் தெருக் குழாயில் அன்றன்று பார்த்த குளோரின் அளவை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போடுங்கள். ஆபரேட்டருக்கும் தூய்மைக் காவலருக்கும் கையுறையும் முகக்கவசமும் கொடுங்கள். குழாய் ஒழுக்குகளை மழைக்கு முன்னே அடையுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. வானகிரியிலும் மேலையூரிலும் காவிரிப்பூம்பட்டினத்திலும் எழுந்து நின்று, “எங்கள் தெருக் குழாயில் இன்று எவ்வளவு குளோரின்?” என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லாத வரை, எத்தனை மூட்டை கொட்டியதாகக் கணக்குக் காட்டினாலும் தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.