பயற்றங்கூழுக்கு விற்ற உரிமை



ஒரு தேர்தலின்போது, நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் பூசை முடிந்ததும் நம்மிடம் வந்தார். "சாமி, இரண்டு கட்சிக்காரரும் வீடு தேடி வந்து பணம் கொடுத்தார்கள். இரண்டையும் வாங்கிவிட்டேன். யாருக்குப் போடாவிட்டாலும் பாவம்தானே?" என்று கேட்டார். நகைப்பதா, அழுவதா என்று நமக்குத் தெரியவில்லை. வாடகைக்கு வழியற்றவரைக் கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை.

நம் புதுவை மண்ணில் வாக்கு எத்துணை மதிப்புப் பெற்றிருந்தது! 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி வாக்களித்த மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். இந்தியாவோடு இணைய 170 பேர் இசைந்தனர், எண்மர் எதிர்த்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து மாறியது.

அதே மண்ணில், 2021-இன் தொடக்கத்தில் சட்டமன்ற உறுப்பினர் சிலர் அடுத்தடுத்துப் பதவி விலக, பிப்ரவரி 22 அன்று அரசு பெரும்பான்மை இழந்து கவிழ்ந்தது. கட்சித் தாவலைத் தடுக்க 1985-இல் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. ஆயினும், பதவியைத் துறந்து வேறு கட்சியில் சேர்ந்து மீண்டும் தேர்தலில் நிற்பவரை அது தடுப்பதில்லை. விலகியோரின் உள்நோக்கத்தை ஆராய்வது நம் பணியன்று. நம்மை உறுத்துவது வேறொன்று. வாக்கைப் பணம் கொடுத்து வாங்கியவர் அதைத் தம் உடைமையென்றே எண்ணுவார். அவரிடம் கணக்குக் கேட்க நமக்கு வாய் ஏது?

நம் தொகுதிகள் சிறியவை. சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளர்களே உள்ளனர். சில நூறு வாக்குகள் வெற்றியை மாற்றிவிடும். ஆகவே பணமும் எளிதில் வேலை செய்கிறது. வாக்குக்குப் பணம் கொடுப்பது மட்டுமன்று, வாங்குவதும் ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஏசா பசி தாளாமல் ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்குத் தலைமகன் உரிமையை விற்றான். பசி தீர்ந்தது, உரிமை திரும்பவில்லை.

பிறரைக் குறை கூறுமுன் நம்மையும் சோதித்துக்கொள்வோம். திருவிழாப் பந்தலுக்கும் விளக்கு அலங்காரத்துக்கும் வேட்பாளரிடம் நன்கொடைச் சீட்டை நீட்டியவர் யார்? நாமே அன்றோ?

மூதாட்டியிடம், "தவறான காரியத்துக்குத் தந்த வாக்குறுதி மனச்சான்றைக் கட்டாது, அம்மா. நல்லவரென்று படுபவருக்குப் போடுங்கள். அடுத்தமுறை வாங்காதீர்கள்" என்றோம்.

"அப்போது வாடகைக்கு என்ன செய்வேன், சாமி?" என்றார் அவர்.

அந்தக் கேள்விக்குப் பிரசங்கம் விடையாகாது. இவ்வாண்டு திருவிழா விளக்குகளில் பாதியைக் குறைப்போம். மிஞ்சும் பணம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபை வழியாக அத்தகைய வீடுகளுக்குச் செல்லட்டும். வறியவரின் வாக்கைக் காக்க விரும்புவோர், முதலில் அவரது அடுப்பைக் காக்க வேண்டும்.