மதுரத்தின் துணிச்சல்

என்.எஸ்.கே. – மதுரம் ஜோடி என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908ல் பிறந்த கிருஷ்ணன், வில்லுப்பாட்டிலும் நாடகத்திலும் தேறி, 1936ல் 'சதி லீலாவதி' மூலம் படவுலகுக்கு வந்தார். பிறர் எடுக்கும் படங்களுக்கு ஹாஸ்யப் பகுதியைத் தாமே தனியாக அமைத்து, மனைவி டி.ஏ. மதுரத்துடன் நடித்துக் கொடுப்பார். படத்தின் கதை மறந்தாலும் அந்த ஹாஸ்யம் மறக்காது!

அந்தச் சிரிப்பின்மேல் 1944ல் இடி விழுந்தது. லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் கைதான கிருஷ்ணனுக்கு ஆயுள் தண்டனை! மதுரம் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழுவைக் கலையாமல் காத்தார். 'பைத்தியக்காரன்' படம் எடுக்க முனைந்து, தாமும் நடித்தார். கணவர் சிறையில் இருக்க, ஊரைச் சிரிக்க வைப்பதென்றால் லேசான காரியமா, சகோதரிகளே?

லண்டன் பிரிவி கவுன்ஸில் வரை சென்ற வழக்கு, மறுபடி சென்னை ஹைகோர்ட்டுக்கு வந்தது. 1947ல் விடுதலையான கிருஷ்ணன், அதே 'பைத்தியக்காரன்' படத்தில் வந்து நடித்தார்!

கலைவாணர் மறைந்தது 1957ல். சென்னையில் அவர் பெயரால் அரங்கம் நிற்கிறது. இனி அந்த ஜோடியின் பழைய படம் பார்க்கும்போது, அவருடைய வேடிக்கைக்கு வயிறு குலுங்கச் சிரியுங்கள். பக்கத்தில் நிற்கும் அந்த அம்மாளையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்தின் சிரிப்பை அணையாமல் காத்தவர் அவர்தாம்.