சர்வர் இருக்கும் கட்டடத்திலேயே பேக்கப்பும் இருந்தால் என்ன ஆகும்?

தென் கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று தீப்பிடித்தது. யுபிஎஸ் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது பற்றிய தீ, 600-க்கும் மேற்பட்ட அரசுக் கணினி அமைப்புகளை முடக்கியது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ‘ஜி-டிரைவ்’ எரிந்தே போனது. மொத்தம் 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே தனி நகல் எடுக்கப்படவில்லை என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். கொடுமை என்னவென்றால், ‘ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைக்காதீங்க, இதிலேயே வையுங்க’ என்று ஊழியர்களிடம் சொன்னதே அரசுதான்.

அது கொரிய அரசின் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு விபிஎஸ் எடுத்து, அதில் கடையின் இணையதளத்தையோ ஒரு ஆப்பின் டேட்டாபேஸையோ ஓட்டுபவர்களுக்கும் இதே சிக்கல் இருக்கிறது. விபிஎஸ் என்பது அபார்ட்மென்ட்டில் ஒரு ஃபிளாட் மாதிரி. ஒரு பெரிய சர்வரை மென்பொருளால் பல தடுப்புகளாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார்கள். ஃபிளாட்டுக்குத் தனிப் பூட்டு உண்டு, கட்டடம் பொதுதான்.

பிரான்ஸில் நடந்தது

அந்தக் கட்டடமே எரிந்தால் என்ன ஆகும் என்பதை 2021 மார்ச் 10 அதிகாலை காட்டியது. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச்கிளவுட் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் ஒன்று முழுவதுமாக எரிந்தது. பக்கத்துக் கட்டடத்திலும் 12 அறைகளில் 4 அழிந்தன. யாருக்கும் காயம் இல்லை. சுமார் 36 லட்சம் இணையதளங்கள் முடங்கியதாக நெட்கிராஃப்ட் கணக்கிட்டது. ‘ரஸ்ட்’ என்ற ஆன்லைன் விளையாட்டின் 25 ஐரோப்பிய சர்வர்கள் அழிந்தன. அவற்றில் இருந்த தரவை மீட்க முடியாது என்று அதை நடத்தும் நிறுவனம் அன்றே அறிவித்துவிட்டது.

ஓவிஹெச் நிறுவனர் ஆக்டேவ் கிளாபா, பேரிடர் மீட்புத் திட்டத்தைச் செயல்படுத்துங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு ட்விட்டரில் சொன்னார். அப்படியொரு திட்டம் தங்களிடம் இல்லை என்பதே பலருக்கு அப்போதுதான் உறைத்தது.

இன்னும் சிலரின் நிலைமை வேறு. அவர்கள் விபிஎஸ்ஸுடன் தானியங்கி பேக்கப் வசதியையும் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். சர்வர் போனாலும் பேக்கப் இருக்கிறதே என்று பார்த்தால், அதுவும் அதே கட்டடத்தில் எரிந்திருந்தது! அப்படி இழந்த ஒரு பிரெஞ்சு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பேக்கப், சர்வரிலிருந்து ‘பௌதிக ரீதியாகப் பிரித்து’ வைக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. தீ விபத்து தங்கள் கட்டுப்பாட்டை மீறியது என்ற ஓவிஹெச்சின் வாதத்தை லீல் வணிக நீதிமன்றம் ஏற்கவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுக்கத்தானே பேக்கப் என்ற தர்க்கத்தில், சுமார் 1 லட்சம் யூரோ கொடுக்கும்படி 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு வாங்கித் தந்தது பணத்தைத்தான், தொலைந்த டேட்டாவை அல்ல.

ஸ்னாப்ஷாட் போதாதா?

விபிஎஸ் விற்கும் பல நிறுவனங்களின் பக்கத்தில் ‘ஸ்னாப்ஷாட்’ பட்டன் இருக்கும். ஒரே கிளிக், முழு டிஸ்க்கும் அந்த நிமிடத்தில் இருந்தபடி பதிவாகிவிடும். அப்டேட் போடும் முன் எடுத்து வைக்க அருமையான வசதி. ஆனால் அது பெரும்பாலும் அதே நிறுவனத்தில், அதே கணக்கின் கீழ் இருக்கும். கணக்கு முடங்கினாலோ, பாஸ்வேர்டு திருடு போனாலோ சர்வரும் ஸ்னாப்ஷாட்டும் ஒன்றாகவே கைவிட்டுப் போகும்.

ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதி 2024 மே மாதம் இதை அனுபவித்தது. கூகுள் கிளவுட் தரப்பில் நடந்த அமைப்புப் பிழையால் அதன் சந்தாவே நீக்கப்பட்டது. இரண்டு இடங்களில் வைத்திருந்த நகல்களும் சேர்ந்தே போயின. வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்ததால்தான் மீண்டு வர முடிந்தது.

இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை

மற்றொரு ஆபத்து சத்தமே இல்லாமல் வரும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், மாற்று சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸையே அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டும் மிஞ்சியது. சரி, பேக்கப் இருக்குமே? தினசரி பேக்கப் சேரவேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. டேட்டாபேஸ் ஒரு பதிப்பு, அதை நகலெடுக்கும் கருவி பழைய பதிப்பு. அதனால் ஒவ்வொரு முயற்சியும் தோற்றிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. கடைசியில், வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்றுதான் காப்பாற்றியது. இதையெல்லாம் கிட்லேப் ஒளிக்காமல் எழுதியது; மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவும் காட்டியது.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே நாளைக்கு ஒரு புது விபிஎஸ் எடுத்து அதில் ரீஸ்டோர் செய்து பார்க்கலாம். மணிக்கணக்கில் வாடகை விடும் நிறுவனங்களில் செலவு மிகக் குறைவு. ஓடும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே காப்பி அடித்திருந்தால், அது பாதியில் எழுதப்பட்ட நிலையில் இருக்கலாம் என்பது அப்போது தெரியவரும். டேட்டாபேஸுக்கான டம்ப் கருவியில் எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை. பேக்கப்பைத் திறக்கும் சாவியை எரிந்துபோன சர்வரிலேயே வைத்திருந்தோம் என்பதும் இந்த ஒத்திகையில்தான் பலருக்குப் பிடிபடுகிறது.

நேரத்தையும் கணக்குப் போட்டு வைக்க வேண்டும். 100 ஜிபி பேக்கப்பை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்கவே இரண்டேகால் மணி நேரம் ஆகும். புது சர்வருக்குப் புது ஐபி முகவரி கிடைக்கும். டொமைன் அமைப்பில் பழைய முகவரி 24 மணி நேரம் நினைவில் இருக்கும்படி முன்பே வைத்திருந்தால், சர்வர் தயாரான பிறகும் சில வாடிக்கையாளர்களுக்கு மறுநாள்வரை கடை மூடியே தெரியும். அந்த எண்ணை 5 நிமிடத்துக்குக் குறைப்பதை, சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவிட வேண்டும்.